சட்டம் போடுகிறவள்

மார்ச் 4

தங்கைக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது.

ஒன்றரை வருடமாக நீ போட்ட கடிதம் எதற்கும் நான் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோதுகூட வந்து, உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல், மருந்தை மேசைமேல் வைத்துவிட்டு ரயில் ஏறியவன் நான். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நேற்று வந்த உன் சுற்றறிக்கையைப் படித்த பிறகும் சும்மா இருந்தால் கண்ணாடியில் என் முகத்தை நானே பார்க்க முடியாது.

"தம் படைப்பில் தம் கையெழுத்தை இடுபவரே கலைஞர் எனப்படுவர்." நம் தெருச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் கீழே உன் பெயர். 'இடுபவர்' என்று ஒருவரில் தொடங்கி 'எனப்படுவர்' என்று பலரில் முடிகிறது. சரி, இலக்கணம் கிடக்கட்டும், அது உனக்கு எப்போதும் வராது. பொருளைப் பார்க்கிறேன். நாம் எல்லோரும் அறை எடுத்து வேலை செய்கிற பழைய ஆலைக் கொட்டகைகளை வாங்கியிருக்கும் நிறுவனம் தெருவுக்குக் 'கலை வட்டாரம்' என்று பெயர் வைக்கப்போகிறதாம். இனி அறைகள் கலைஞர்களுக்கு மட்டும்தானாம். யார் கலைஞர் என்பதைச் சங்கமே சொல்லலாமாம். சங்கம் சொன்னதற்கு அறைக்காரர் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். கடைசி அறையில் என் அச்சு இயந்திரம் இன்னும் பூட்டிக் கிடப்பதால் நானும் போட வேண்டுமாம்.

அந்தத் தெருவில் கையெழுத்துப் போடாமல் வேலை செய்கிற ஆள் ஒருத்திதான். நுழைந்ததும் இடது கைப்பக்கம், மரத்தூளும் பசை வாடையுமாக இருக்கிற அறை. உங்கள் அத்தனை பேர் படங்களுக்கும் சட்டம் போடுகிறவள். ஆக, அவளை வெளியே தள்ளுவதற்கு இவ்வளவு அழகாக ஒரு வாக்கியம். வெளிப்படையாகவே 'போ' என்று சொல்லியிருக்கலாம்.

அவளுக்காக நான் உருகுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவள்மீது எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு தெருத் தண்ணீரில் மின்கம்பிகள் தெரிவதை நான் மரத்தில் செதுக்கி அச்செடுத்த படம். மூன்று மாத வேலை. பொதுக் கண்காட்சியில் அதைத் தலைகீழாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். நகரத்தில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை, உனக்கும்கூட.

"ஏம்மா, படம் தலைகீழா இருக்கே," என்றேன்.

"அச்சுக்காரரே, அதுல கையெழுத்து இல்ல. எது தலை எது காலுன்னு நான் ஜோசியமா பாக்க முடியும்?"

"கம்பி மேல இருக்கணும், தண்ணி கீழ இருக்கணும். இது தெரியாதா?"

"மேலயும் கம்பிதான், தண்ணிக்குள்ளயும் கம்பிதான். இப்படியே நல்லா இருக்கு, விடுங்க."

ஒரு பல் மருத்துவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் அவர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்கள் என் படத்தைத் தலைகீழாகத்தான் பார்க்கிறார்கள். அன்றிலிருந்துதான் நான் எதை அச்செடுத்தாலும் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஆகவே உன் வாக்கியத்தின்படி அந்தத் தெருவிலேயே என்னைவிடப் பெரிய கலைஞன் கிடையாது. இருந்தும் சொல்கிறேன், போடமாட்டேன்.

சங்கத் தேர்தலில் என்னை விட்டுவிட்டு உன்னைச் செயலாளராக்கியபோதே இந்தத் தெரு எந்தத் திசையில் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த ஊருக்கு வாத்தியார் வேலைக்கு வந்தேன். அதை இங்கே விரிக்க விரும்பவில்லை.

உன் அண்ணன்

*

மார்ச் 11

அண்ணா,

ஒன்றரை வருடம் கழித்து வருகிற கடிதத்தில் 'நலமா' என்று ஒரு வார்த்தை இல்லை, இலக்கணத் திருத்தம் மட்டும் இருக்கிறது. அதிலிருந்து நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில், 'உன் அண்ணன்' என்பதன் அடியிலும் அந்தக் கையெழுத்தா? முழுப் பெயர், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. உறைமேலும் அதையே போட்டிருந்தாய், தபால்காரர் பத்திரம் என்று நினைத்துப் பவ்யமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். இங்கே நடந்ததைக் கேள். நிறுவனத்தின் மேலாளர் ஒருவர் வருகிறார். வந்த நாளிலிருந்து கையில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு சுவர், சன்னல், குழாயடி என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருப்பதால் அவருக்கு 'அளவு நாடா' என்றே பெயர் ஆகிவிட்டது. கலைக் கல்லூரிப் பட்டம் உள்ளவர்கள் மட்டும்தான் கலைஞர்கள் என்று எழுதிக் கொண்டு வந்தார். யோசித்துப் பார். நம் 'பீரங்கி' பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டவர். சுவர் அளவுக்குத் துணி விரித்து, ஏணியில் நின்று வண்ணம் அடிக்கிற மனுஷன், அவர் வெளியே. நான் வெளியே. தெருவில் முக்கால்வாசி வெளியே. நீ மட்டும் உள்ளே.

பட்டம் வேண்டாம், வேறு ஏதாவது வைக்கலாம் என்று இரண்டு வாரம் அவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் 'கையெழுத்து' என்று நான்தான் சொன்னேன். கையெழுத்து இருந்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு அவரும் ஒத்துக்கொண்டார். நான் ஏன் சொன்னேன் தெரியுமா? அதற்கு ஒரு பென்சில் போதும். சட்டக்கார அக்காவும் தான் செய்கிற சட்டத்துக்குப் பின்னால் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டால் அவளும் உள்ளே வந்துவிடுவாள். அவளை உள்ளே வைப்பதற்காக எழுதிய வாக்கியம் அண்ணா அது. நீ அதை வெளியே தள்ளுகிற வாக்கியமாகப் படித்தாய். உன் கண்ணுக்கு எப்போதும் அதுதான் தெரியும்.

பென்சிலோடு அவளிடம் போனேன். "அக்கா, பின்பக்கம் ஒரு கையெழுத்து. யாரும் திருப்பிக்கூடப் பாக்க மாட்டாங்க," என்றேன்.

"யாரும் பாக்காத எடத்துல எதுக்குப் போடணும்?"

"ஒரு பேச்சுக்கு."

"பேச்சுன்னா பேசு. எழுதுங்கற."

அளவு நாடா அவரே போய்ப் பார்த்தார். "சட்டப்படி நீங்க இந்த அறையில இருக்க முடியாதும்மா," என்றார். அவள் இழைப்புளியைக் கீழே வைக்காமலே, "எந்தச் சட்டம்? தேக்கா, ரப்பர் மரமா? அளவைச் சொல்லுங்க, நாளைக்குத் தரேன்," என்றாள். குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்கு அடுத்த நாள்தான் 'ஒருவர் விடாமல்' என்கிற நிபந்தனை வந்தது.

ஏப்ரல் கடைசியில் திறப்பு விழா. அதற்குள் எல்லோருடைய கையெழுத்தும் வர வேண்டும். அவள் மதிப்பது அவளோடு சண்டை போட்டவர்களை மட்டும்தான். அந்த வகையில் உன்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு தடவை அவளிடம் பேசு. பிறகு நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. வீட்டில் தூசி இவ்வளவு இருக்கிறதா என்று கேட்டு என்னைத் திட்டுகிறாள்.

தங்கை

*

மார்ச் 20

தங்கைக்கு,

உன் வாக்கியத்தின் நோக்கம் நல்லதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். இதைவிட அதிகமாக என்னிடம் எதிர்பார்க்காதே. நல்ல நோக்கத்தோடு மோசமான வாக்கியம் எழுதுகிறவர்கள்தான் உலகத்தில் பாதி.

அவளுக்குத் தொலைபேசியில் பேசினேன். மரம் அறுக்கிற சத்தம் நிற்கவே இல்லை.

"யாரு, அச்சுக்காரரா? அந்த ஊர்ல யாரையும் இன்னும் முறைச்சுக்கலயா? இவ்வளவு நாள் ஓடிடுச்சே."

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"கையெழுத்துதானே? உங்க தங்கச்சி பென்சிலைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே சுத்துறா. பாவம், கண்ணுக்குக் கீழ கருத்துப்போச்சு. நீங்க வேற எதுக்கு?"

"ஒரு கையெழுத்துதானே. போட்டா என்ன குறைஞ்சு போகுது உனக்கு?"

"கேளுங்க. நாளைக்கு ஒருத்தர் பீரங்கி படத்தை வாங்கிட்டுப் போறார். வீட்ல மாட்டுறார். அவர் வீட்டுக்காரம்மா, என்னங்க இது, யாரோ சுவத்துல தக்காளியை அடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. சண்டை வருது. படத்தைத் திருப்பிப் பாக்கறார். பின்னாடி என் பேர் இருக்கு. யாரை வந்து பிடிப்பார்?"

"அப்படியெல்லாம் யாரும்..."

"நான் சட்டத்துக்கு மட்டும்தான் பொறுப்பு. நாலு மூலையும் சேர்ந்து நிக்கும், அதுக்கு நான் ஆச்சு. நடுவுல நீங்கள்லாம் பண்ணி வச்சிருக்கிறதுக்கு என்னால ஜாமீன் போட முடியாது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, பீரங்கிக்கு நீங்க ஜாமீன் போடுவீங்களா?"

போடமாட்டேன். நீயும் போடமாட்டாய்.

"உங்க கம்பிப் படத்துக்கு வேணா போடலாம்," என்றாள் கடைசியில். "அது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான்." பிறகு அவளே போனை வைத்துவிட்டாள். இத்தனை வருடம் கழித்தும் அவளால் என்னை இப்படி எரிய வைக்க முடிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனி. அவள் பிடித்திருக்கிற காரணம் அபத்தம். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற இடம் சரி. தான் செய்த வேலை எது, செய்யாத வேலை எது என்று அவளுக்குத் தெரிகிறது. அறை போய்விடும் என்று பயந்து, செய்யாததன்மேல் பெயர் எழுத அவள் தயாராக இல்லை. செய்யாத ஓவியத்தின்மேல் பெயர் எழுதத் தயங்காத நாலு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள், என்னோடு படித்தவர்கள்.

ஆகவே கேட்டுக்கொள். நான் அவளைச் சம்மதிக்க வைக்கவில்லை. என் சம்மதமும் வராது. 'ஒருவர் விடாமல்' என்று உன் அளவு நாடா சொன்னாரே, அந்த விட்டுப்போன ஒருவன் நான் என்று அவரிடம் சொல். என்னால் உங்கள் அறைகள் போகும் என்றால் போகட்டும். எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுங்கள். அது உங்களுக்குப் பழக்கம்தானே.

அம்மாவிடம் தூசியைத் துடைக்க நான் வந்துவிடுவேன் என்று பொய் சொல்லாதே.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 6

அண்ணா,

நீ மறுத்ததும் இங்கே உன்னைத் திட்டினார்கள்தான். சங்கக் கூட்டத்தில் பீரங்கி நாற்காலியை உதைத்து, "அவன் கையெழுத்துதானே, நானே போடறேன், ரெண்டு புள்ளிதானே கஷ்டம்," என்றார். நான் விடவில்லை. அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் நன்றாகப் போட வரும் என்பது வேறு விஷயம்.

பிறகு நடந்ததுதான் நீ நம்பமாட்டாய். அக்காவுக்கு மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லி அளவு நாடா கடிதம் கொடுத்தார். அவள் அதைப் படித்தாள், மடித்தாள், ஆடிக்கொண்டிருந்த வேலை மேசையின் காலுக்கு அண்டக் கொடுத்தாள். திறப்பு விழாப் படங்களைச் சட்டம் போட எல்லோரும் தூக்கிக்கொண்டு போனபோது, வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். "கையெழுத்து இருக்கு. இது கலைஞர் படம். நான் கலைஞர் இல்ல, என் கை இதுல படக்கூடாது. எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

வேறு கடைக்குப் போனார்கள். விழாவுக்குள் முடியாது என்றுவிட்டார்கள். பீரங்கியின் படத்தை எந்தக் கடை வாசலுக்குள்ளும் நுழைக்கவே முடியவில்லை. மூன்று நாள் அவர் முனகிக்கொண்டே திரிந்தார். நாலாம் நாள் காலையில் நான் குழாயடியில் பானை வனைந்த கை மண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷன் ஏணியில் ஏறி நின்றுகொண்டு தன் பெயரைத் தானே கத்தியால் சுரண்டுகிறார். "ஏன் இப்படி?" என்றேன். "சட்டம் இல்லாம படம் நிக்காது. பேர் இல்லாம நிக்கும். சுரண்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சது," என்றார். அவள் படத்தைச் சுற்றி வந்து, மூலையைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் 'ர்' தெரியுது," என்றாள். மறுபடியும் ஏறினார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக. கூச்சப்பட்டுக்கொண்டு, துணியைப் போட்டு மூடி, ஏதோ திருட்டுப் பொருளைக் கொண்டு வருகிற மாதிரி. இப்போது அவள் அறையில் இரவும் பகலும் சுத்தியல் சத்தம். பூட்டிக் கிடக்கும் உன் அறையைத் தவிர, தெருவில் கையெழுத்து உள்ள படம் ஒன்றுகூட இல்லை. என் பானைகளுக்குச் சட்டம் தேவையில்லை, அதனால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. நேற்றுப் பூராவும் உட்கார்ந்து, பானைகளின் அடியில் இருந்த என் முத்திரையைக் கல்லால் தேய்த்து எடுத்தேன். விரல் தோல் உரிந்துவிட்டது. செயலாளரே கலைஞர் இல்லை என்று ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அளவு நாடா அசரவில்லை. உன் அறைச் சன்னல் வழியாக உள்ளே தொங்குகிற உன் அச்சுப் படங்களைப் பார்த்திருக்கிறார். கையெழுத்து வெளியிலிருந்தே தெரிகிறதாம். உனக்குச் சொல்லச் சொல்லி என்னிடம் சொன்னது இது. முன்பக்கப் பெரிய அறை, வடக்கு வெளிச்சம் விழுகிறதே, அது உனக்கு. வாசலில் 'வட்டாரத்தின் முதல் கலைஞர்' என்று உன் பெயர். விழாவுக்கு நீதான் தலைமை. கையெழுத்திட்டு நீ ஒரு சம்மதக் கடிதம் அனுப்பினால் போதும். மற்றவர்கள் சம்மதம் இனி வேண்டாமாம், விதிப்படி நாங்கள் கலைஞர்களே இல்லையே. எங்கள் அறைகளுக்குப் புது ஆட்களை அழைத்துக்கொள்வாராம். நீ மறுத்தால் விழாவில் காட்ட அவரிடம் கலைஞர் ஒருவரும் இல்லை. விதியைக் கீழே போட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. இருபது வருடமாக நீ எதிர்பார்த்தது இதுதான் என்று எனக்குத் தெரியும். தேர்தலில் உனக்குக் கிடைக்காதது, பத்திரிகைக்காரர்கள் உனக்குக் கொடுக்காதது, எல்லாம் ஒரே அறையில் கிடைக்கிறது. எடுத்துக்கொண்டால் எனக்குப் புரியும். மன்னிக்கமாட்டேன், ஆனால் புரியும்.

தங்கை

*

ஏப்ரல் 12

தங்கைக்கு,

பொய் சொல்ல மாட்டேன். அந்த அறை எனக்கு வேண்டும்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு நாள் நான் கல்லூரியில் இல்லை, அந்த அறையில்தான் இருந்தேன். அச்சு இயந்திரத்தைச் சன்னலுக்கு எந்தப் பக்கம் போடுவது, ஈரத் தாளை உலர்த்தக் கயிறு எங்கே கட்டுவது, வாசல் பலகையில் எழுத்து எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். மாணவர்களிடம்கூட, 'அடுத்த வருஷம் நான் இங்க இருக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சந்தோஷப்பட்டதை மறைக்கக்கூட முயலவில்லை.

மூன்றாம் நாள் பலகையைத் திறக்க யார் யார் நிற்பார்கள் என்று யோசித்தேன். அங்கேதான் தடுக்கியது. அளவு நாடா நிற்பார். அவருக்கு மேலே இருக்கிறவர் நிற்பார். புது அறைகளுக்கு வந்த, எனக்கு முகம் தெரியாத ஆட்கள் கை தட்டுவார்கள். பீரங்கி இருக்கமாட்டார். இத்தனை வருடமாக என் கையெழுத்தைக் கேலி செய்து என்னை 'முத்திரைத்தாள்' என்று கூப்பிடுகிற அந்த மனுஷன், என் பெயரைப் பலகையில் பார்த்து வயிறெரிய வேண்டாமா? நீ ஒரு ஓரமாக நின்று, பெருமையை மறைத்துக்கொண்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அவள் மரத்தூள் படிந்த கையோடு வந்து, 'பலகை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாமா? காலித் தெருவில் முதல் கலைஞனாக இருந்து நான் யாரிடம் பீற்றிக்கொள்வது? யாரோடு சண்டை போடுவது?

எனக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றால் என் மனிதர்களை வெளியே தள்ளித்தான் கொடுக்க முடியும் என்று ஒருவன் நினைத்திருக்கிறான். என்னை அவன் எவ்வளவு மலிவாக அளந்திருக்கிறான் பார். நான் கசப்பானவன்தான். கோபத்தை வருடக் கணக்கில் ஊறப்போட்டு வைத்திருக்கிறவன்தான். ஆனால் அந்தக் கசப்பு உங்கள்மேல் எனக்கு இருக்கிற கசப்பு. அதை வைத்து உங்களை விரட்ட வேறொருவனுக்கு நான் கடன் கொடுக்க மாட்டேன்.

அளவு நாடாவிடம் இதை வாசித்துக் காட்டு: ஐயா, நீங்கள் தர முன்வந்த அறையை மறுக்கிறேன். அந்தத் தெருவில் மண் பிசைகிறவளும், ஏணியில் ஏறி வண்ணம் அடிக்கிறவரும், சட்டம் போடுகிறவளும் இருந்தால் நானும் இருப்பேன். அவர்களில் ஒருவர் இல்லை என்றாலும் நான் இல்லை. என்னையும் காலி செய்யச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். எங்களிடம் ஆடுகிற மேசைகள் நிறைய இருக்கின்றன.

என் அறைச் சாவி அம்மாவிடம் இருக்கிறது. உள்ளே தொங்குகிற படங்களில் பென்சிலால்தான் போட்டிருக்கிறேன். நல்ல ரப்பராக வாங்கு, மலிவானது தாளைக் கறையாக்கும். ஒரு ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய். வேண்டுமானால் பீரங்கியைத் தேய்க்கச் சொல், அவருக்கும் ஒரு திருப்தி. பிறகு எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துச் சட்டம் போடச் சொல். எது மேல் எது கீழ் என்று அவள் கேட்டால் சொல்லாதே, கேட்காவிட்டாலும் சொல்லாதே. அவளை நான் மன்னிக்கவில்லை. அதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடு, வேறு எதையாவது நினைத்துக்கொள்ளப் போகிறாள்.

விழா அன்று அறைகளை எல்லாம் திறந்து வையுங்கள். பேர் இல்லாத படங்களை, நல்ல சட்டத்தோடு, நேராக மாட்டுங்கள். கலைஞர் யார் என்று வந்தவர்கள் கேட்டால், விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

இதுவரை எழுதிவிட்டு, வழக்கம்போலக் கை தாளின் அடிக்குப் போய்விட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். என் கையெழுத்து இருக்கிற எந்தத் தாளையும் அந்த ஆள் சம்மதமாகத் திருப்பிக்கொள்வான் என்ற பயம் ஒரு காரணம். அந்தப் பயம் இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன். அந்தத் தெருவில் இப்போது யாருக்கும் பெயர் இல்லை. எனக்கு மட்டும் எதற்கு? இதை எழுதியது யார் என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வந்தால் அவர்கள் என்னோடு இத்தனை வருடம் சண்டை போட்டதில் அர்த்தமே இல்லை. உறையில் உன் முகவரியை மட்டும் எழுதியிருக்கிறேன். அடியில் எதுவும் இல்லாமல், இப்படியே தபாலில் போடப் போகிறேன்.